ஒன்றரை இஞ்ச் வயிற்றெரிச்சல்

தையல்காரருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பெரிய துணிக்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு கதவு அகலத்தில் அவருடைய கடை. ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு ஸ்டூல், ஆள் நின்று பார்க்க ஒரு கண்ணாடி. புதுத் துணி தைப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. பக்கத்துக் கடைகளில் ரெடிமேடு வாங்குகிறவர்கள் நேரே இவரிடம்தான் வருவார்கள். கால் நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, தோள் இறக்குவது என்று நாள் முழுக்க வேலை இருக்கும். எதிர்ச் சாரியில் நடந்து போகிறவரைப் பார்த்தே இடுப்பளவைச் சொல்லிவிடுவார். டேப்பை எடுத்து அளந்தால் அதே எண்தான் வரும். அந்தத் தெருவில் அவருக்கு இருந்த மரியாதை அந்தக் கண்ணுக்காகத்தான்.

அவருடைய மனைவிக்கு ஒரு தங்கை. தங்கையின் கணவர் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர். இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில் இருந்தன. தையல்காரர் கீழ்த்தளம், சகலை இரண்டாம் மாடி. தையல்காரரையும் கடைக்கு வருகிறவர்கள் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவரையும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் குடும்பத்தில், உறவுக்காரர் வீடுகளில், கட்டடத்தின் காவலாளி வாயில்கூட, 'மாஸ்டர்' என்றால் அது மாடிவீட்டுச் சகலை மட்டும்தான். பத்து வருஷம் பின்னால் வந்து சேர்ந்த ஆள் அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட்டு வாங்கவில்லை, அதுவாகவே அவர் மேல் போய் ஒட்டிக்கொண்டது. தையல்காரருக்கு அதுதான் தாங்கவில்லை.

சகலையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை என்பது இன்னொரு சங்கடம். சிரித்த முகம். அவர் ஒரு ஜோக் சொன்னால் வீடே குலுங்கும், அதையே தையல்காரர் சொன்னால், "அப்புறம்?" என்று கேட்பார்கள். நாற்பத்தாறு வயதில் தலை நிறைய முடி. தையல்காரரை வாய் நிறைய "அண்ணே, அண்ணே" என்பார். அந்த அண்ணேயில் பாசம் இருந்தது. தையல்காரர் எத்தனையோ முறை அதில் கேலி இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு வருஷம் இருவரும் ஒரே நாளில் கிளினிக்குக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். சகலைக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறவர். தையல்காரருக்கு விளிம்பில் நின்றது. இரண்டு பேருக்கும் வயிறு முன்னே வந்து நின்று வரவேற்கும். டாக்டர் அவர்களைப் பக்கத்து அறையில் இருந்த டயட்டீஷியன் அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா கண்டிப்பான ஆள். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி நடுவில் ஒரு கோடு இழுத்தார். பிறகு சாப்பிடக்கூடியதை எழுதினார். முட்டை, மீன், கறி, கீரை, காய், கொட்டை வகை, சீஸ், வெண்ணெய், க்ரீம், தயிர்.

சகலை காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கைதட்டாத குறையாகச் சிரித்தார்.

"அண்ணே, பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு! வெண்ணெய் தின்னச் சொல்ற வைத்தியம் நம்ம ரெண்டு பேருக்குத்தான் கிடைச்சிருக்கு."

"சிரிங்க, சிரிங்க," என்றார் டயட்டீஷியன் அம்மா. "ஆனா நீங்க மாத்திரை சாப்பிடுறவர். வேளை தப்பாம சாப்பிடணும். பட்டினி மட்டும் கிடக்கவே கூடாது. எடை நல்லா குறைய ஆரம்பிச்சா வந்து சொல்லுங்க, மாத்திரையைக் குறைக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இரண்டாம் மாடியில் எடை பார்ப்பது என்று ஏற்பாடு. அங்கேதான் எடை மெஷின் இருந்தது. முதல் ஞாயிறு சகலைக்கு இரண்டு கிலோ குறைந்திருந்தது, தையல்காரருக்கு ஒன்றரை. "பரவாயில்லையே அண்ணே!" என்றார் சகலை. இரண்டாம் ஞாயிறு சகலைக்கு மேலும் ஒன்றரை. தையல்காரருக்கு முள் அசையவில்லை. மூன்றாம் ஞாயிறு சகலையின் கன்னம் ஒடுங்கித் தாடை எலும்பு தெரிய ஆரம்பித்தது. அது அவருக்கு நன்றாகவும் இருந்தது. தையல்காரருக்கு அரைக் கிலோ கூடியிருந்தது.

"இவர் ஒளிச்சு வச்சு ரொட்டி தின்றாரோ என்னமோ," என்று கொழுந்தியாள் விளையாட்டுக்குச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரரும் சிரித்தார். உள்ளே புகைந்தது.

அவர் ஒரு துண்டு ரொட்டியைக்கூடத் தொடவில்லை. வாயைக் கட்டியிருந்தார். ஆனால் வயிறு கட்டுப்படவில்லை. சோறு போன இடத்தை அவர் பாலைக் கொண்டு நிரப்பியிருந்தார். காலையில் காபியில் க்ரீம், பத்து மணிக்குத் தயிர், மதியம் முட்டையோடு சீஸ், நாலு மணிக்கு மறுபடி க்ரீம் காபி, ராத்திரி கீரையில் பாலாடை. மதியம் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு பானைபோல் உப்பிக்கொள்ளும். உள்ளே யாரோ சாமான்களை இழுத்துப் போடுகிற மாதிரி சத்தம் கேட்கும். ஒரு தடவை ஒரு வங்கி அதிகாரிக்குக் காலளவு எடுக்கக் குனிந்திருந்தபோது அது நீளமாக ஒரு முறை உறுமியது.

"என்னங்க சத்தம்?" என்றார் அதிகாரி.

"மெஷின்," என்றார் தையல்காரர். மெஷின் அணைந்து கிடந்தது. அதிகாரி அதைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைக்குப் பின்னால் இருந்த கழிப்பறையின் சாவி பக்கத்துக் கைக்கடிகாரக் கடையில் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவை அதைக் கேட்டு வாங்குகிறவர், நாலு தடவை கேட்க ஆரம்பித்தார். கடைசியில் கடிகாரக்காரர் சாவியை ஆணியோடு பிடுங்கி இவர் சுவரிலேயே மாட்டிவிட்டுப் போனார்.

மனைவிக்குத்தான் முதலில் பொறி தட்டியது. அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறவள். எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கிற புத்தி.

"என்னங்க, முன்னாடி நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிச்சிருப்பீங்க? காபில நாலு ஸ்பூன். அவ்வளவுதான். தயிர்கூட வேண்டாம்பீங்க. இப்ப இந்த வீட்டுக்கு ஒரு மாடு பத்தாது. எனக்கென்னமோ பால்தான் உங்களுக்கு ஒத்துக்கலன்னு தோணுது."

"அவனுக்கு மட்டும் ஒத்துக்குதா?"

"எவனுக்கு?"

தையல்காரர் மாடியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"அவர் வயிறு வேற, உங்க வயிறு வேற."

"ஏன் வேற? ஒரே காகிதம், ஒரே சாப்பாடு. அவன் அரை டப்பா க்ரீமைக் கவுத்துக்கிட்டுப் படி ஏறுறான், மூச்சுகூட வாங்கல. எனக்கு மட்டும் என்ன கேடு?"

அவள் அவரை விடாமல் டயட்டீஷியன் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"பால்தான்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். சாப்பாட்டை மாத்தினாலே சிலருக்கு வயிறு முரண்டு பிடிக்கும். ஆனா சந்தேகம் நியாயமான சந்தேகம். ரெண்டு வாரம் பால், தயிர், க்ரீம், சீஸ், வெண்ணெய் எல்லாத்தையும் நிறுத்துங்க. என்ன சாப்பிட்டீங்க, வயிறு எப்படி இருந்துச்சுன்னு தினம் ஒரு வரி எழுதுங்க. அப்புறம் ஒவ்வொண்ணா சேர்த்துப் பாப்போம். எது இடிக்குதுன்னு தெரிஞ்சுடும்."

"சோறும் போச்சு, பாலும் போச்சுன்னா நான் எதை அம்மா தின்னு வாழுறது?"

"தின்னறதுக்கு நிறைய இருக்கு. நீங்க மனசு வச்சா எழுதித் தர்றேன்."

எழுதித் தந்தார். தையல்காரர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வெளியே வந்ததும் மனைவியிடம் சொன்ன முதல் வார்த்தை, "இதை மேல போய்ச் சொல்லிடாதே."

வீட்டுக்கு வந்து படிக்கட்டருகே நின்றபோது இரண்டாம் மாடியிலிருந்து வெண்ணெயில் மீன் வறுக்கிற வாசனை இறங்கி வந்தது. சகலை ஏதோ சொல்ல, கொழுந்தியாள் சிரிக்கிற சத்தமும் கூடவே வந்தது. இதையும் அவனுக்கே விட்டுக்கொடுப்பதா என்று நினைத்தார். அவன் மேலே உட்கார்ந்து வெண்ணெயும் சீஸுமாகத் தின்றுகொண்டே மெலிவானாம். நான் கீழே உட்கார்ந்து வெறும் காபியை ஊதிக் குடிக்க வேண்டுமாம். அன்று மாலை அவர் வழக்கத்தைவிட ஒரு கரண்டி க்ரீம் அதிகமாகவே போட்டுக்கொண்டார். டயட்டீஷியன் அம்மாவின் காகிதம் சட்டையோடு துவைபட்டுக் கூழாகிப் போனது.

ஆறாவது வாரம் சகலை மூன்று பேன்ட்டுகளைக் கையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அண்ணே, எல்லாம் அவுந்து விழுது. பெல்ட்டுல புது ஓட்டை போட்டுப் போட்டு இனிமே போட இடம் இல்ல. நீங்கதான் காப்பாத்தணும்."

கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கினார். தையல்காரர் டேப்பை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினார். முப்பத்தெட்டாக இருந்த இடுப்பு முப்பத்துநாலு. மறுபடி சுற்றினார். முப்பத்துநாலுதான். கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து நின்றார். இன்னொருவர் அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்த மாதிரி குனிந்து, உப்பிய வயிறு தொடையில் இடிக்க, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு அண்ணே?"

"முப்பத்துநாலு."

"அட!" என்று சகலை தன் வயிற்றைத் தானே தட்டிக்கொண்டார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். கல்யாணத்தப்போ இருந்த அளவு!"

அவர் போன பிறகு தையல்காரர் சாக்கட்டியை எடுத்து முதல் பேன்ட்டைத் திருப்பிப் போட்டார். முப்பத்துநாலுக்குக் கோடு போட்டார். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முப்பது வருஷத் தொழிலில் தெரிந்தே ஒரு அளவை மாற்றித் தைத்ததில்லை. ஆள் பிடிக்காதவர் துணியைக்கூட அளவோடுதான் தைத்துக் கொடுத்திருக்கிறார். அன்று அந்தக் கோட்டைக் கையால் தேய்த்து அழித்துவிட்டு, ஒன்றரை இஞ்ச் உள்ளே தள்ளி இன்னொரு கோடு போட்டார். மூன்று பேன்ட்டிலும் அதே கோடு. தையல் நேர்த்தியாக விழுந்தது. இழை பிசகவில்லை. அதுவரை கடுகடுவென்றிருந்த மனசு தைக்கத் தைக்கக் குளிர்ந்தது என்று பிற்பாடு அவரே மனைவியிடம் ஒத்துக்கொண்டார்.

பள்ளிச் சீருடைகளை அளவு குறைக்கிற மும்முரத்தைச் சாக்காகச் சொல்லிப் பத்து நாள் கழித்துத்தான் துணியைக் கொடுத்தார். அடுத்த நாள் காலையில் சகலை ஒரு பேன்ட்டை மாட்டிக்கொண்டு, பொத்தானைக் கையால் பிடித்தபடியே கீழே இறங்கி வந்தார்.

"அண்ணே, போட முடியல. மூணும் இறுக்குது."

தையல்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு எடுத்த அளவுக்குத்தான் தம்பி தச்சிருக்கேன்."

"மெஷின்ல எடை கூடலையே?"

"எடை குறையும். தொப்பை கூடும். சதை கரைஞ்ச இடத்துல காத்து ஏறிக்கும். எனக்கு ஆகலையா? டேப் பொய் சொல்லாது தம்பி."

சகலையின் முகம் விழுந்தது. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தராசைவிட அவர் இந்த ஆளின் கையை நம்பினார். "கொட்டையை ஜாஸ்தியாத் தின்னுட்டேன் போல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படி ஏறினார். தையல்காரர் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் காலை காபி அவருக்கு ருசித்தது.

அந்த ருசி ஒன்பது நாள் நீடித்தது.

பத்தாம் நாள் பதினோரு மணிக்கு மனைவி கடைக்குப் போன் செய்தாள். "மாஸ்டர் கிளினிக்ல இருக்காராம். உடனே வாங்க." கடையை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடினார்.

நடந்தது இதுதான். பேன்ட் இறுக்கியதிலிருந்து சகலை காலைச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தார். அப்புறம் மதியத்தையும் நிறுத்தினார். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. அன்று காலை அவரிடம் கார் கற்றுக்கொள்ள வந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கணக்கு டீச்சர். ஏழு வாரமாகக் கற்றுக்கொண்டிருந்தார். பயிற்சி மைதானத்தைவிட்டு வெளியே வர மாட்டேன் என்று பிடிவாதம். ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சகலைக்குத் திடீரென்று கை நடுங்கியது, சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது, பேச்சு குழறியது. டீச்சர் இரண்டு தடவை, "மாஸ்டர், மாஸ்டர்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். தலை தொங்கியது. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, மைதானத்தின் கேட்டைத் தாண்டி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரிய சாலையில் காரை ஏற்றினார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்ட, இரண்டாவது கியரிலேயே மூன்று கிலோமீட்டர் ஓட்டிக் கிளினிக் வாசலில், ஆம்புலன்ஸ் நிறுத்துகிற இடத்தில் குறுக்கே நிறுத்தினார்.

தையல்காரர் போய்ச் சேர்ந்தபோது சகலை எழுந்து உட்கார்ந்திருந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சர் நடைவழி நாற்காலியில் கார்ச் சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு," என்றார் டாக்டர். "மாத்திரையையும் போட்டுக்கிட்டுப் பட்டினியும் கிடந்தா வேற என்ன ஆகும்? படிச்சுப் படிச்சுச் சொன்னோமா இல்லையா? எதுக்கு சாப்பாட்டை விட்டீங்க?"

சகலை வெட்கத்தோடு சிரித்தார். "பேன்ட் இறுக்கிடுச்சு சார்."

"பேன்ட்டா?"

கொழுந்தியாள்தான் பதில் சொன்னாள். அவள் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள். "எங்க மாமா அளவெடுத்துத் தச்சது டாக்டர். அவர் கை தப்பவே தப்பாது. அதான் இவருக்கு மனசு விட்டுப்போச்சு." சொல்லிவிட்டுத் திரும்பி, "நீங்க சொல்லுங்க மாமா, இவர் உங்க பேச்சைத்தான் கேப்பார். ஒழுங்காச் சாப்பிடச் சொல்லுங்க," என்றாள்.

தையல்காரர் வாயைத் திறந்தார். காலையில் குடித்த க்ரீம் காபி சரியாக அந்த நேரம் பார்த்துக் கலக்கியது. நடைவழிக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவர் வெளியே வர அரை மணி நேரம் ஆனது. அதில் எவ்வளவு நேரம் வயிற்றுக்கு, எவ்வளவு நேரம் அழுகைக்கு என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் காலை டேப்பையும் தையல் பிரிக்கிற கத்தியையும் எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறினார். மனைவியிடம் ராத்திரியே சொல்லியிருந்தார். அவள் திட்டவில்லை. "நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் கூட வர மாட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.

சகலையும் கொழுந்தியாளும் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள். முட்டை, சீஸ், காபி.

"வாங்கண்ணே, உக்காருங்க. காபி குடிங்க."

தையல்காரர் உட்காரவில்லை. "தம்பி, அந்த மூணு பேன்ட்டையும் குறுக்கித் தச்சேன். தெரிஞ்சேதான் தச்சேன்."

கொழுந்தியாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"குறுக்கின்னா?" என்றார் சகலை.

"உங்க அளவு முப்பத்துநாலுதான். நீங்க ஏறவே இல்ல."

"எத்தனை இஞ்ச் குறுக்கினீங்க?"

"ஒன்றரை."

"மூணுலயுமா?"

"மூணுலயும்."

சகலை தட்டை நகர்த்தி வைத்தார். அந்த முகத்தில் சிரிப்பில்லாமல் தையல்காரர் அதுவரை பார்த்ததில்லை. "எதுக்குண்ணே?" என்றார்.

"வயித்தெரிச்சல். வேற என்ன சொல்றது? நீங்க இதையெல்லாம் தின்னுட்டு மெலியிறீங்க. நான் அதையே தின்னு வீங்குறேன். எனக்குப் பால் ஒத்துக்கலைன்னு சந்தேகப்படுறாங்க. அதை வெளியில சொல்லக்கூட எனக்கு மனசு வரல. உங்களுக்கு ஒத்துக்கிட்டது எனக்கு ஒத்துக்கலைன்னா..."

சகலை எழுந்து உள்ளே போய் மூன்று பேன்ட்டுகளையும் கொண்டுவந்து சோபாவில் போட்டார். "பிரிச்சுக் குடுத்துட்டுப் போங்க," என்றார். அண்ணே என்று சொல்லவில்லை.

தையல்காரர் அங்கேயே உட்கார்ந்து பிரித்தார். இழைகள் நெருக்கமாக விழுந்திருந்ததால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கொழுந்தியாள் நாலு தடவை குறுக்கும் நெடுக்கும் போனாள். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. மேஜையில் அவருக்காக ஊற்றிய காபி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

அவர் கீழே இறங்கி வந்தபோது மனைவி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த பால் டப்பா, தயிர்க் கிண்ணம், இரண்டு பெட்டி க்ரீம், வெண்ணெய், பிரிக்காத சீஸ் கட்டி ஒன்று, எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கொண்டு போற?"

"மேல. தூக்கியா போட முடியும்?"

"அந்தச் சீஸை இன்னும் பிரிக்கவே இல்லடி."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனாலும் அந்தப் பை படி ஏறுகிற சத்தத்தை ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டுதான் நின்றார். அவ்வளவு நடந்த பிறகும், அந்தச் சீஸ் அவன் தட்டுக்குப் போகிறதே என்று ஒரு மூலையில் சுருக்கென்றது. மனுஷ மனசு லேசில் திருந்துகிற சாமான் இல்லை.

டயட்டீஷியன் அம்மா எழுதித் தந்த காகிதம் கூழாகிப் போனதால் மனைவி போய் மறுபடி எழுதி வாங்கி வந்தாள். முட்டை, மீன், கறி, கீரை, பாதாம், எண்ணெயில் வதக்கிய காய், க்ரீமுக்குப் பதில் தேங்காய்ப் பால். காபியைக் கறுப்பாகக் குடிக்கப் பழகினார். முதல் மூன்று நாள் அதைக் கஷாயம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். தினம் ஒரு வரி எழுதினார். முதல் நாள், 'வயிறு உப்பல். மனசு சரியில்லை.' மூன்றாம் நாள், 'உப்பல் குறைவு.' ஐந்தாம் நாள், 'சத்தம் இல்லை.' எட்டாம் நாள் கழிப்பறைச் சாவியைக் கடிகாரக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் தன் இடுப்பையே அளந்து பார்த்தார். இரண்டு இஞ்ச் இறங்கியிருந்தது. அதைப் போய்ச் சொல்ல மாடியில் அவருக்கு ஆள் இல்லை.

சகலை பேசவே இல்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழி விடுவார். ஒரு நாள் கடைத்தெருவில் அவர் எதிர்ச் சாரியில் போவதைத் தையல்காரர் கடைக்குள்ளிருந்தே பார்த்தார். சாம்பல் நிறத்தில் புதுப் பேன்ட். தூரத்திலிருந்தே தெரிந்தது, நல்ல கை வேலை. இடுப்பு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது, பின்பக்கம் மடிப்பே விழவில்லை, கால் நுனி ஷூவின் மேல் தொட்டும் தொடாமலும் நின்றது. யாரிடம் தைக்கக் கொடுத்தான்? சந்தைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தையல்காரனா? அவனுக்கு இவ்வளவு வருமா? க்ரீமுக்கும் சீஸுக்கும் எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மெஷின் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் ஒரு தையல்கூடப் போடாமல் இருந்தார்.

இரண்டு வாரம் முடிந்ததும் சோதனை. ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு. முதலில் வெண்ணெய். ஒன்றும் செய்யவில்லை. பிறகு நாள்பட்ட கெட்டிச் சீஸ், கட்டைவிரல் அளவு. அதுவும் சும்மா இருந்தது. தயிர் இரண்டு கரண்டியோடு நின்றால் சமாதானம், கிண்ணம் போனால் சண்டை. க்ரீம் லேசாகப் புரட்டியது. கடைசியில் ஒரு டம்ளர் பால். குடித்து ஒன்றரை மணி நேரத்தில் வயிறு உப்பி, முறுக்கி, அவரை மூன்று தடவை ஓட வைத்தது. அவர் எழுதிய நோட்டைப் புரட்டிப் பார்த்த டயட்டீஷியன் அம்மா, "பால்ல இருக்கிற சர்க்கரை உங்களுக்குச் செரிக்கலை போல. டாக்டர்கிட்ட ஒரு டெஸ்ட்டுக்குக் கேளுங்க. அதுவரைக்கும் இதே மாதிரி இருங்க. வெண்ணெயும் கெட்டிச் சீஸும் உங்களுக்கு நண்பர்கள்," என்றார்.

"பால்லயும் சர்க்கரைதானா அம்மா?"

"பால்லயும்தான்."

பாலை நிறுத்திய இரண்டாம் மாதக் கடைசியில் கணக்கு டீச்சருக்கு லைசென்ஸ் கிடைத்தது. இரண்டு குடும்பத்தையும் அவர் தன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். வர முடியாது என்று சொல்ல இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை. மேஜையில் தையல்காரருக்கும் சகலைக்கும் எதிரெதிர் நாற்காலி வாய்த்தது. டீச்சர் க்ரீம் போட்ட கோழிக் குழம்பை முதலில் தையல்காரர் பக்கம் நகர்த்தினார்.

"அவருக்கு அது ஆகாது டீச்சர்," என்றார் சகலை, தலையைத் தூக்காமலே. "மீனைக் குடுங்க."

சகலை குழம்பைத் தன் தட்டில் தாராளமாக ஊற்றிக்கொண்டார். தையல்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னண்ணே பாக்குறீங்க?"

"பொறாமையா இருக்கு தம்பி," என்றார் தையல்காரர். மறைக்கத் தோன்றவில்லை.

சகலை ஒரு வாய் மென்று விழுங்கினார். "படுங்க. நல்லாப் படுங்க. அதை என் துணியில மட்டும் காட்டாதீங்க."

கொழுந்தியாளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தையல்காரரின் மனைவிக்கு. சகலை சிரிக்கவில்லை. ஆனால் மீன் தட்டை எட்டி எடுத்து எதிரே நகர்த்தி வைத்தார்.

அதற்குப் பிறகும் பழைய நிலைமை முழுதாகத் திரும்பவில்லை. சகலை பேன்ட்டுகளைச் சந்தைக்கு அந்தப் பக்கமே தைக்கக் கொடுத்தார். கொழுந்தியாள் திரைச்சீலை, தலையணை உறை என்று அளவு பெரிதாகத் தேவைப்படாத வேலைகளை மட்டும் கடைக்குக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை எடை பார்ப்பது நின்றே போனது. படிக்கட்டில் மட்டும் மறுபடி "என்னண்ணே?" என்ற குரல் கேட்க ஆரம்பித்தது.

மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் அடுத்தடுத்த நாளில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். தையல்காரரின் சர்க்கரை விளிம்பிலிருந்து நன்றாகவே உள்ளே இறங்கியிருந்தது. டாக்டர் முதுகில் தட்டிக் கொடுத்தார். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தவர், மறுநாள் மாலை படிக்கட்டில் சகலையைப் பார்த்தார். சகலை தன்னுடைய சீட்டை நீட்டினார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். எண்ணும் பழையதற்குப் பாதியளவுக்கு வந்திருந்தது. தையல்காரருக்கு இறங்கியதைப் போல மூன்று மடங்கு இறங்கியிருந்தது.

தையல்காரர் அந்த எண்ணை இரண்டு தடவை படித்தார். சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இருக்கு தம்பி," என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.